விதி வரைந்த என்ஜின்கள்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலின்போது, இயந்திரவியல் துறை அரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"மாணவர்களுக்குப் பிடித்த விஷயமாகப் பேசுங்கள்" என்று சங்கச் செயலாளர் கேட்டுக் கொண்டார். வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்ததுமே எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். மோட்டார் சைக்கிள் பந்தயம்தான். ஆனால் யார் ஜெயித்தார், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் உங்களுக்கே என்னைவிட நன்றாகத் தெரியும். நான் பேசப் போவது பந்தயத்தின் விதிகளைப் பற்றி. விதி என்றால் தலைவிதி இல்லை. என்ஜின் இவ்வளவு பெரிதாகத்தான் இருக்கலாம், இத்தனை சிலிண்டர்தான் வைக்கலாம் என்று புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த விதி. ஆனால் அந்த நாலு வரி பல கம்பெனிகளின் தலைவிதியாகவே ஆகிப் போனது என்பதுதான் கதை.

பொதுவாக நாம் என்ன நினைக்கிறோம்? பொறியாளர் ஓர் என்ஜினை வரைகிறார், அதிகாரி குறுக்கே வந்து தடுக்கிறார் என்று. பந்தய வரலாற்றைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. விதிப் புத்தகம்தான் முதல் கோட்டை வரைகிறது. பொறியாளர் அந்தக் கோட்டை ஒட்டி மீதிப் படத்தை வரைகிறார். எதை அளந்து கட்டுப்படுத்துகிறார்களோ அதை விட்டுவிட்டு, எதை அளக்காமல் விட்டார்களோ அந்தப் பக்கமாக மூளை பாய்கிறது. இதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன்.

அடிப்படைக் கணக்கு

மற்றத் துறை நண்பர்களும் வந்திருப்பதால் முதலில் ஒரு சின்னப் பாடம். ஓர் என்ஜினின் திறன் மூன்று விஷயங்களைப் பொறுத்தது. சிலிண்டரின் கொள்ளளவு ஒன்று. உள்ளே எரியும்போது பிஸ்டன் மேல் விழும் அழுத்தம் இரண்டாவது. நிமிடத்துக்கு எத்தனை முறை எரிகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் பெருக்கினால் திறன். அவ்வளவுதான்.

பந்தயம் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணை மட்டும் பிடித்துக் கொள்வார்கள். 125 சி.சி., 250 சி.சி., 500 சி.சி. என்று வகுப்பு பிரிப்பார்கள். அளப்பதற்கு அதுதான் சுலபம். உடனே பொறியாளர்கள் என்ன செய்வார்கள்? மற்ற இரண்டு எண்ணையும் ஏற்றப் பார்ப்பார்கள். மனித சுபாவம் அதுதானே!

முள்ளம்பன்றியின் கதை

இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் எல்லாரும் அழுத்தத்தைப் பிடித்துக் கொண்டார்கள். சூப்பர்சார்ஜர் என்ற காற்றழுத்தும் பம்பை வைத்து, சிலிண்டர் தானாக இழுப்பதைவிட அதிகக் கலவையை உள்ளே திணித்தார்கள். 1939இல் ஐல் ஆஃப் மேன் தீவில் நடந்த சீனியர் டி.டி. பந்தயத்தில், சூப்பர்சார்ஜர் பொருத்திய பி.எம்.டபிள்யூ. வண்டியில் கியோர்க் மையர் ஜெயித்தார்.

இங்கிலாந்தின் ஏ.ஜே.எஸ். கம்பெனி இதைப் பார்த்து, சூப்பர்சார்ஜருக்கென்றே ஒரு 500 சி.சி. என்ஜினை வடிவமைத்தது. சிலிண்டர்கள் இரண்டையும் ஏறக்குறையப் படுக்க வைத்து, பம்புக்கு மேலே இடம் விட்டார்கள். சிலிண்டர் தலையில் முள் முள்ளாகக் குளிர்விக்கும் தகடுகள் நீட்டிக் கொண்டிருந்ததால், அந்த வண்டிக்கு முள்ளம்பன்றி என்றே பெயர் வந்தது. வேலை நடந்து கொண்டிருக்கும்போதே, 1946இல், சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.ஐ.எம். சூப்பர்சார்ஜருக்குத் தடை போட்டுவிட்டது.

யோசித்துப் பாருங்கள். பம்ப் போய்விட்டது, ஆனால் பம்புக்காகப் படுத்த சிலிண்டர்கள் அப்படியே இருக்கின்றன! மாற்றி வரையக் காசும் இல்லை, நேரமும் இல்லை. கிடைத்ததை வைத்துச் சரிக்கட்டி ஓட்டினார்கள். 1949இல் உலகச் சாம்பியன் போட்டி முதன்முதலாக நடந்தபோது, 500 சி.சி. பட்டத்தை லெஸ் கிரஹாம் அந்த வண்டியிலேயே வாங்கினார். ஆனால் அதன் பிறகு ஏ.ஜே.எஸ்.ஸுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவே இல்லை. ஒரு விதிக்காகப் பிறந்த என்ஜின் வேறொரு விதியில் வாழ வேண்டியிருந்தால் இதுதான் நிலைமை.

கைக்கடிகாரம் போன்ற என்ஜின்கள்

அழுத்தத்தை ஏற்ற வழி அடைபட்டது. மிச்சம் இருப்பது சுற்று வேகம். அந்த வழியில் எல்லாரையும் தாண்டிப் போனவர்கள் ஜப்பானியர்கள்.

சுற்று வேகம் ஏன் ஓர் அளவுக்கு மேல் ஏறுவதில்லை? பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போக வேண்டும். அது கனமாகவும், பயண தூரம் நீளமாகவும் இருந்தால் கனெக்டிங் ராடு தாங்காது. வால்வு ஸ்பிரிங்கும் பின்தங்கிவிடும். ஆகவே பிஸ்டனைச் சின்னதாக்கு, ஸ்ட்ரோக்கைக் குறை. கொள்ளளவு விதியால் மாறக் கூடாது என்றால், சிலிண்டர் எண்ணிக்கையைக் கூட்டு. விதியில்தான் எத்தனை சிலிண்டர் என்று சொல்லவே இல்லையே!

ஹோண்டா 1959இல் முதன்முதலாக ஐல் ஆஃப் மேனுக்கு வந்தது. 1961இல் 125, 250 இரண்டு வகுப்பிலும் பட்டம் வாங்கியது. 1966இல் அவர்களுடைய 250 சி.சி. வண்டியில் ஆறு சிலிண்டர், 125 சி.சி. வண்டியில் ஐந்து சிலிண்டர், 50 சி.சி. வண்டியில் இரண்டு சிலிண்டர். 50ஐ இரண்டால் வகுத்தாலும் 25, 125ஐ ஐந்தால் வகுத்தாலும் 25. ஒரே அளவு சிலிண்டரைத்தான் இரண்டிலும் அடுக்கினார்கள். அந்தச் சிலிண்டருக்குள் நம் வீட்டுக் காப்பிக் கரண்டியில் இரண்டு மூன்று கரண்டிதான் கொள்ளும். அதற்குள் நான்கு வால்வு! நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடியது. ஆறு சிலிண்டர் 250இல் மைக் ஹெயில்வுட் 1966, 1967 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றார்.

இன்னொரு பக்கம் சுசுகி. 1967இல் பட்டம் வாங்கிய அவர்களுடைய 50 சி.சி. வண்டிக்கு 14 கியர். உங்கள் வண்டியில் எத்தனை? ஐந்தோ ஆறோ. ஏன் 14 என்றால், அவ்வளவு உச்சச் சுற்றில் ஓடும் என்ஜினுக்குப் பலம் கிடைக்கும் எல்லை மிகக் குறுகியது. கொஞ்சம் சுற்று இறங்கினாலும் இழுக்காது. ஓட்டுகிறவர் ஓயாமல் கியர் மாற்றிக் கொண்டே இருக்க வேண்டும்.

அழகான வேலைப்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் செலவு? ஐரோப்பியக் கம்பெனிகள் பலவும் தாக்குப் பிடிக்க முடியாமல் திணறின. எஃப்.ஐ.எம். மறுபடி பேனாவை எடுத்தது. 50 சி.சி.க்கு ஒரே சிலிண்டர், 125க்கும் 250க்கும் இரண்டு சிலிண்டர், கியர் ஆறுக்கு மேல் கூடாது என்று 1969, 1970 ஆண்டுகளில் படிப்படியாக அமலாக்கினார்கள். பெரிய வகுப்புகளுக்கு நான்கு சிலிண்டர் என்ற எல்லை அடுத்து வந்தது. விதி அமலுக்கு வரும் முன்பே, 1967 போட்டிகளோடு ஹோண்டா விலகிவிட்டது. கைக்கடிகாரம் போலச் செய்த அந்த என்ஜின்களுக்கு வாரிசே இல்லாமல் போயிற்று.

ஒரு சுற்றா, இரண்டு சுற்றா?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சிலிண்டரை எண்ணினார்கள், கியரை எண்ணினார்கள், கொள்ளளவை அளந்தார்கள். எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை எரிகிறது என்பதை மட்டும் எண்ணவில்லை. நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரியும். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். விதிப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றே.

மூத்த நண்பர்களுக்கு ஆர்.எக்ஸ். 100 ஞாபகம் இருக்கும். 98 சி.சி., 11 குதிரைத்திறன். அதே காலத்து நான்கு ஸ்ட்ரோக் 100 சி.சி. வண்டிகள் ஏழு, ஏழரைதான் கொடுத்தன. "ஆர்.எக்ஸ். சத்தம் தெருமுனையிலேயே கேக்குமே" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. அந்த வித்தியாசம்தான் உலகப் பந்தயத்திலும் வேலை செய்தது.

இதற்கு அடித்தளம் போட்டவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் இருந்த வால்டர் காடன். சைலன்சர் குழாயை வயிறு உப்பிய வடிவில் செய்து, புகையோடு வெளியே போகும் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, தப்பி ஓடும் புதுக் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளினார். 1961இல் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. லிட்டருக்கு 200! அதே ஆண்டு அவர்களுடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்துக்குப் போன இடத்தில் மேற்குப் பக்கம் தப்பிப் போய் சுசுகியில் சேர்ந்தார். அந்த நுட்பமும் கூடவே போனது. அடுத்த ஆண்டே சுசுகிக்கு உலகப் பட்டம்.

1975இல் யமஹாவில் ஜாகோமோ அகோஸ்தினி 500 சி.சி. பட்டத்தை வாங்கினார். அந்த வகுப்பில் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கிடைத்த முதல் பட்டம் அது. அதற்குப் பிறகு 2001 வரை ஒவ்வோர் ஆண்டும் இரண்டு ஸ்ட்ரோக்தான்.

ஹோண்டாவின் பிடிவாதம்

இந்த இடத்தில் சற்று நின்று சொல்ல வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினை நம்பியே வளர்ந்த கம்பெனி ஹோண்டா. எழுபதுகளின் கடைசியில் மறுபடி பந்தயத்துக்கு வர முடிவு செய்தபோது, "இரண்டு ஸ்ட்ரோக்கை நான்கு ஸ்ட்ரோக்கால் அடித்துக் காட்டுகிறோம்" என்று கிளம்பினார்கள்.

கணக்கு என்ன சொல்கிறது? பாதித் தடவைதான் எரிகிறது என்றால், இரண்டு மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். 20,000 சுற்றுக்கு மேல். அதற்கு எட்டு சிலிண்டர் தேவை. விதியோ நான்குக்கு மேல் கூடாது என்கிறது. என்ன செய்வது?

எட்டு சிலிண்டரை வரைந்து, இரண்டிரண்டாக ஒட்டிவிட்டார்கள்! பக்கத்துப் பக்கத்து வட்டங்கள் இரண்டைச் சேர்த்து நடுச்சுவரை எடுத்துவிட்டால் என்ன கிடைக்கும்? காப்ஸ்யூல் மாத்திரை போல ஒரு நீள்வடிவம். அதுதான் பிஸ்டன். 93.4 மில்லிமீட்டர் நீளம், 41 மில்லிமீட்டர் அகலம், ஸ்ட்ரோக் 36 மில்லிமீட்டர். ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு கனெக்டிங் ராடு, எட்டு வால்வு. மொத்தம் 32 வால்வு. விதிப்படி நான்கு சிலிண்டர், பொறியியல்படி எட்டு. வண்டியின் பெயர் என்.ஆர்.500.

மாணவர்கள் கவனிக்க: வட்டப் பிஸ்டனுக்கு ரிங் செய்வது பழகிய வேலை. சுற்றிலும் ஒரே அழுத்தத்தோடு சுவரில் ஒட்டும். நேர்க்கோடும் வளைவும் கலந்த பிஸ்டனுக்கு ரிங் எப்படி ஒட்டும்? அந்த வடிவத்தில் சிலிண்டரைக் கடைவது எப்படி? கடைசல் இயந்திரம் வட்டத்தைத்தானே கடையும்? ஒவ்வொன்றுக்கும் புது வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

1979 ஆகஸ்டில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயம். இரண்டு வண்டியும் முடிக்கவில்லை. அதற்கப்புறமும் மூன்று ஆண்டுகள் முயன்றார்கள். உலகப் போட்டியில் ஒரு புள்ளிகூட வாங்கவில்லை. கடைசியில் ஹோண்டாவும் 1982இல் மூன்று சிலிண்டர் இரண்டு ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டு வந்தது. 1983இல் ஃப்ரெடி ஸ்பென்சர் அதில் பட்டம் வாங்கினார்.

அப்படியானால் என்.ஆர்.500 வீண்தானா? இல்லை என்றுதான் நான் சொல்வேன். அவ்வளவு உச்சச் சுற்றில் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஆக்சிலரேட்டரை மூடிக் கியரைக் குறைத்தால், பின்சக்கரம் பிடித்துக் கொண்டு துள்ளும். அதைத் தடுக்க, திரும்பி வரும் விசையில் தானாகக் கொஞ்சம் வழுக்கும் கிளட்ச் ஒன்றை அந்த வண்டியில் வைத்தார்கள். இன்று நம் ஊர் ஷோரூமில் 200 சி.சி. வண்டியிலேயே "ஸ்லிப்பர் கிளட்ச் இருக்கு சார்" என்று விற்பனையாளர் சொல்கிறாரே, அந்த வகைதான் அது. பந்தயத்தில் ஒரு புள்ளி வாங்காத வண்டியில் வந்த யோசனை, கல்லூரிக்கு வரும் பையனின் வண்டி வரை வந்துவிட்டது.

எடைக்கு ஏற்ற சிலிண்டர்

2002இல் விதியைப் புரட்டிப் போட்டார்கள். பெரிய வகுப்புக்கு மோட்டோ ஜிபி என்று பெயர் வைத்து, 500 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக்கோடு 990 சி.சி. நான்கு ஸ்ட்ரோக்கும் ஓடலாம் என்றார்கள். எரியும் தடவை பாதி என்பதால் கொள்ளளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இருபத்தேழு ஆண்டு கழித்து அந்தக் கணக்கைச் சரி செய்தார்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். அந்த ஆண்டு நடந்த 16 பந்தயத்திலும் நான்கு ஸ்ட்ரோக்தான் ஜெயித்தது.

இந்த விதியில் ஒரு நயம் இருந்தது. சிலிண்டர் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக் கொள், ஆனால் அதற்கேற்ற எடை இருக்க வேண்டும் என்றார்கள். மூன்று சிலிண்டர் வரை குறைந்தபட்சம் 135 கிலோ. நான்கும் ஐந்தும் 145 கிலோ. ஆறும் அதற்கு மேலும் 155 கிலோ. கேட்டவுடன் என்ன தோன்றுகிறது? நான்குக்கும் ஐந்துக்கும் ஒரே எடை. அப்புறம் எதுக்குங்க நாலு வைக்கணும்?

மற்றவர்கள் நான்கோ மூன்றோ வைத்தார்கள். ஹோண்டா முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று ஐந்து சிலிண்டரை 75.5 டிகிரி கோணத்தில் வைத்தது. அந்தக் கோணத்தில் அதிர்வு தன்னைத்தானே சமன் செய்து கொள்ளும். பேலன்ஸர் தண்டு தேவையில்லை, அந்த எடையும் மிச்சம். 16இல் 14 பந்தயம் ஹோண்டாவுக்கு. வாலன்டினோ ரோசி 2002, 2003 இரண்டு ஆண்டும் சாம்பியன். அந்த ஐந்தாவது சிலிண்டர் விதிப் புத்தகத்தின் ஒரு அட்டவணையில் பிறந்தது.

தொட்டியிலும் துளையிலும் கட்டுப்பாடு

வேகம் கூடிப் போகிறது என்று 2007இல் 990ஐ 800 சி.சி. ஆக்கினார்கள். பெட்ரோல் தொட்டியும் 21 லிட்டராகக் குறைந்தது. நேர்ப்பாதையில் வேகத்தை அடக்குவதுதான் நோக்கம். நடந்தது என்ன? கொள்ளளவு குறைந்ததால் சுற்று வேகத்தை ஏற்றினார்கள். ஸ்பிரிங் தாங்காத சுற்றுக்குக் காற்றழுத்த வால்வு வந்தது. டுகாட்டி மட்டும் ஸ்பிரிங்கே இல்லாமல், திறக்க ஒரு கேம், மூட ஒரு கேம் என்ற தன் பழைய டெஸ்மோ முறையிலேயே போய், அந்த முதல் ஆண்டிலேயே கேசி ஸ்டோனரைச் சாம்பியன் ஆக்கியது. உள்ளே சுழலும் பாகங்கள் லேசானதால் வண்டி சுலபமாகச் சாய்ந்தது. வளைவில் இன்னும் வேகமாகப் போனார்கள். நேர்ப்பாதை வேகத்தைக் குறைக்கப் போய், வளைவு வேகம் கூடிவிட்டது! கீழே விழுவது பெரும்பாலும் வளைவில்தான் என்பதை ஓட்டுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2012இல் வந்த விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1000 சி.சி., நான்கு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 81 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது. மூன்றே எண். பேப்பரும் பென்சிலும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு சிலிண்டருக்கு 250 சி.சி. அதை 81 மி.மீ. விட்டத்தின் பரப்பால் வகுத்தால் ஸ்ட்ரோக் 48.5 மி.மீ. அதைவிடக் குறைக்க வேண்டுமானால் கொள்ளளவை விட்டுக் கொடுக்க வேண்டும். 18,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் வினாடிக்கு 29 மீட்டர். உலோகத்துக்கு அது ஏறக்குறைய எல்லை. ஆக, "இத்தனை சுற்றுக்கு மேல் ஓட்டாதே" என்று எழுதாமலே சுற்று வேகத்துக்குக் கடிவாளம் போட்டாயிற்று. பரிசோதிக்க எலக்ட்ரானிக் கருவி வேண்டாம், உள்விட்டம் அளக்கும் கேஜ் போதும்.

2024 மே மாதம், 2027 ஆண்டுக்கான விதியை அறிவித்தார்கள். 850 சி.சி., விட்டம் 75 மி.மீ. இதற்கும் கணக்குப் போடுங்கள். ஸ்ட்ரோக் 48.1 மி.மீ. வருகிறது. அதாவது ஸ்ட்ரோக் கிட்டத்தட்ட மாறவே இல்லை. சுற்று வேகத்தை ஏற்ற வழி வைக்காமல், கொள்ளளவை மட்டும் நூற்றுக்குப் பதினைந்து வெட்டியிருக்கிறார்கள். 2007இல் கற்ற பாடம் என்று எனக்குத் தோன்றுகிறது. விதி எழுதுகிறவர்களும் பொறியாளர்கள்தான்.

கடைக்கு வந்த பந்தயம்

இதெல்லாம் விற்பனைக்கு வராத வண்டிகள். கடையில் விற்கும் வண்டியை வைத்து ஓட்டும் சூப்பர்பைக் உலகப் போட்டி 1988இல் தொடங்கியது. நான்கு சிலிண்டருக்கு 750 சி.சி., இரண்டு சிலிண்டருக்கு 1000 சி.சி. என்பது விதி. பெரிய பிஸ்டனால் அதிகச் சுற்று ஓட முடியாது, ஆகவே 250 சி.சி. சலுகை. அந்தச் சலுகையைப் பிடித்துக் கொண்டு இத்தாலியின் சின்னக் கம்பெனியான டுகாட்டி வளர்ந்தது. 1990 முதல் 1999 வரை பத்துப் பட்டத்தில் எட்டு டுகாட்டி ஓட்டுநர்களுக்கு. நான்கு சிலிண்டரில் கரைகண்ட ஹோண்டாவே கடைசியில் 1000 சி.சி. இரட்டைச் சிலிண்டர் வண்டி செய்து, 2000இல் காலின் எட்வர்ட்ஸ் மூலம் பட்டம் வாங்கியது.

2003இல் நான்கு சிலிண்டருக்கும் 1000 சி.சி. என்று விதி மாறியது. அவ்வளவுதான், 750 சி.சி. பந்தய ரக வண்டிகள் ஒவ்வொன்றாகக் கடையிலிருந்தே காணாமல் போயின. பெரிய ஜப்பானியக் கம்பெனிகளில் சுசுகி மட்டும்தான் அதைத் தொடர்ந்தது. வண்டியில் குறையில்லை. அதற்கான வகுப்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

யாருக்குக் கதவு திறக்கிறது?

இவ்வளவு நேரம் விதி எப்படி வடிவத்தை ஆக்குகிறது என்று சொன்னேன். இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. விதி மிகத் தளர்வாக இருந்தால் பணம் உள்ளவன்தான் நிற்பான். அறுபதுகளில் பார்த்தோம். விதி மிக இறுக்கமாக இருந்தால் பொறியாளருக்கு வேலையே இல்லை. 2010இல் 250 சி.சி. வகுப்பை எடுத்துவிட்டு மோட்டோ 2 என்று கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஹோண்டா 600 சி.சி. என்ஜின். 2019இலிருந்து எல்லாருக்கும் ஒரே டிரையம்ஃப் 765 சி.சி. பந்தயம் விறுவிறுப்பாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வகுப்பிலிருந்து புது என்ஜின் யோசனை எதுவும் பிறக்கப் போவதில்லை.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. 2012இல் மோட்டோ 3 வகுப்பைத் தொடங்கியபோது, 250 சி.சி., ஒரே சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், விட்டம் 81 மி.மீ., சுற்று 14,000க்கு மேல் கூடாது, என்ஜின் விலைக்கும் உச்சவரம்பு என்று வைத்தார்கள். வரைவதற்கு இடமும் உண்டு, செலவுக்கு எல்லையும் உண்டு. அந்த வகுப்பில் நம் நாட்டு மஹிந்திராவும் ஓடியது. 2016 ஜூனில் நெதர்லாந்தின் அசென் பந்தயத்தில் பிரான்செஸ்கோ பஞ்ஞாயா மஹிந்திராவில் முதலிடம் வந்தார். பின்னாளில் மோட்டோ ஜிபி உலகச் சாம்பியன் ஆனவர் அவர். 2017 போட்டிகளோடு மஹிந்திரா விலகிவிட்டாலும், இந்தியப் பெயர் தாங்கிய வண்டி அந்த மேடையில் ஏறியது பதிவாகிவிட்டது. ஆறு சிலிண்டர் காலத்து விதி இருந்திருந்தால் அது நடந்திருக்குமா? நடந்திருக்காது.

மாணவர்களுக்கு

"சார், நாங்கள் பந்தய வண்டியா செய்யப் போகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். ஓசூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று நம்மைச் சுற்றி வண்டிகள் பிறந்து கொண்டே இருக்கின்றன. உங்களில் பலர் அங்கேதான் போய்ச் சேரப் போகிறீர்கள். அங்கேயும் முதல் கோடு விதிப் புத்தகத்திலிருந்துதான் வரும்.

2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி வந்தது. ஏறக்குறைய எல்லாப் புது வண்டியிலும் கார்புரேட்டர் போய், எரிபொருளைப் பீய்ச்சும் ஊசிமுறை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை ஜி.எஸ்.டி. 18 சதவிகிதம், அதற்கு மேல் 40 சதவிகிதம் என்று ஆனது. சென்னைப் பக்கம் செய்யப்படும் ராயல் என்ஃபீல்டு என்ஜின் ஒன்றின் அளவு 349 சி.சி. அந்த ஒரு சி.சி.யின் மதிப்பு என்ன என்று இப்போது புரிகிறதா? 350ஐத் தாண்டிய ஒவ்வொரு வண்டியின் மேஜையிலும் இனி இந்தக் கேள்வி எழும். முள்ளம்பன்றி வண்டியும் இதே கேள்வியைத்தான் சந்தித்தது.

ஆகவே மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, விதியைப் படியுங்கள். சுருக்கத்தைப் படித்தால் போதாது, அட்டவணை வரைக்கும் படியுங்கள். ஐந்தாவது சிலிண்டர் அங்கேதான் இருந்தது. இரண்டு, அது ஏன் போடப்பட்டது என்று கேளுங்கள். காரணம் தெரிந்தவனுக்குத்தான் அடுத்த விதி எந்தப் பக்கம் வரும் என்று ஊகிக்க முடியும். மூன்று, நீங்களே ஒருநாள் விதி எழுதும் குழுவில் உட்காருவீர்கள். இந்தச் சங்கத்திலேயே தரநிர்ணயக் குழுக்களில் இருந்த நண்பர்கள் உண்டு. அப்போது, "நாம் எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் அளக்காமல் விட்ட இடத்தில்தான் எங்கோ ஒரு கெட்டிக்காரன் உட்கார்ந்து வரைந்து கொண்டிருப்பான். அவன் நம் கல்லூரி மாணவனாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

 கேள்வி இருந்தால் சாப்பாட்டு மேஜையில் பேசலாம். வெளியே போகும்போது ஹெல்மெட்டை மறக்காதீர்கள். அந்த விதிக்கு மட்டும் மாற்று வழி யாரும் தேட வேண்டாம்.